தூதரகத்துக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் எவ்வளவு தூரம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாடுகளுக்கு இடையிலான வர்த்தகத்தில் தூதரகங்களுக்கு என்ன வேலை என்று பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். கொஞ்சம் தயங்கினேன். நான் தூதரகத்தில் வேலை பார்த்தவன் இல்லை. பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் கப்பல் பத்திரங்கள் பார்க்கும் மேசையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவன். தூதரகத்தில் எனக்குத் தெரிந்தது, கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் வாசல் பக்கம். சரி, அந்த வாசலில் நின்றபடியே பேசுகிறேன்.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் தூதரகம் என்று சொன்னால் வியாபாரம் நினைவுக்கு வராது. கண்டியிலுள்ள இந்திய அலுவலகம்தான் நினைவுக்கு வரும். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சமுள்ள ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்பது கணக்கு. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பெரியப்பா கண்டிக்குப் போய் வரிசையில் நின்று பாஸ்போர்ட் வாங்கியவர். கோச்சியேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர் திரும்பி வரவில்லை. ஒப்பந்தம் என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு ஆளின் பெயரைப் போல் புழங்கியது. 'ஒப்பந்தத்துல போனாங்க' என்றுதான் அம்மா சொல்லுவாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கதைக்கும் ஒரு வியாபாரப் பின்பக்கம் உண்டு. திரும்பிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரிப் பக்கம் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் இன்று டான்டீ என்று சொல்லப்படும் நிறுவனம். இங்கே கொழுந்து பறித்த கைகள் அங்கேயும் கொழுந்து பறித்தன. அப்புறம் 1998 டிசம்பரில் இரண்டு நாடுகளும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியாவுக்குப் போகும் நமது தேயிலைக்கு வரிச்சலுகை கொடுத்தார்கள், ஆனால் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோவுக்கு மேல் கூடாது என்று எல்லையும் போட்டார்கள். ஆரம்பத்தில் எல்லாத் துறைமுகத்திலும் இறக்கவும் முடியாது. அந்த எல்லை யாருக்குப் பயந்து போடப்பட்டது? அங்கே தேயிலை வளர்ப்பவர்களுக்கு. அவர்களில் எங்கள் பெரியப்பாவின் பிள்ளைகளும் அடக்கம். குடும்பத்துக்குள்ளேயே போட்டி!

ஒரு சின்ன விளக்கம். இந்தியா, பிரிட்டன் போன்ற பொதுநலவாய நாடுகளின் அலுவலகத்தை உயர்ஸ்தானிகராலயம் என்கிறோம், மற்ற நாடுகளுடையதைத் தூதரகம் என்கிறோம். வேலை ஒன்றுதான். அந்த வேலை என்ன என்று 1961ஆம் ஆண்டின் வியன்னா சாசனம் எழுதிவைத்திருக்கிறது. தன் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்வது, பேச்சுவார்த்தை நடத்துவது, அங்குள்ள நிலைமையை அறிந்து ஊருக்கு எழுதுவது, பொருளாதார உறவை வளர்ப்பது. தேயிலை விற்பது என்று அதில் எங்கேயும் இல்லை. தூதர் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. பிறகு எதற்கு அவர்?

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வண்டு.

2017 டிசம்பர் நடுப்பகுதி. இலங்கையிலிருந்து போன ஒரு தேயிலைச் சரக்கில் காப்ரா வண்டு இருந்தது என்று ரஷ்யா அறிவித்தது. டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலைக்கு மட்டுமல்ல, நமது விவசாயப் பொருட்கள் எல்லாவற்றுக்குமே தடை. காப்ரா வண்டு தானியக் கிடங்குகளில் இருப்பது. கோதுமையைத் தின்னும், அரிசியைத் தின்னும். தேயிலை அதற்குச் சாப்பாடு இல்லை. ஆனால் பொதியிலோ கொண்டெய்னரின் இடுக்கிலோ ஒளிந்துகொண்டு கப்பலேறக் கூடியது. பல நாடுகள் அதைக் கண்டாலே நடுங்கும்.

ரஷ்யா அப்போது நமது மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. கடலில் சரக்கு போய்க்கொண்டிருக்கிறது, துறைமுகத்தில் கொண்டெய்னர் நிற்கிறது, ஏலத்தில் வாங்கிய தூள் களஞ்சியத்தில் கிடக்கிறது. எங்கள் அலுவலகத்தில் யாரும் மத்தியானச் சோற்றுக்குப் போகவில்லை. வாடிக்கையாளருக்குத் தொலைபேசி எடுத்தால் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: எங்கள் அரசாங்கத்தோடு உங்கள் அரசாங்கம் பேச வேண்டும், நான் என்ன செய்ய?

அங்கேதான் தூதரகம் வருகிறது. எந்தக் கம்பனி முதலாளியும் மொஸ்கோவிலுள்ள தாவரப் பாதுகாப்பு அதிகாரியின் கதவைத் தட்ட முடியாது. தட்டினாலும் திறக்காது. அந்தக் கதவு அரசாங்கத்துக்கு மட்டும் திறக்கும். எந்த மேசையில் எந்த அதிகாரி இருக்கிறார், என்ன அறிக்கை கொடுத்தால் அவர் ஒப்புக்கொள்வார், யார் முதலில் வாய் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே வருஷக்கணக்காக இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இங்கிருந்து ஒரு குழு மொஸ்கோவுக்குப் போகத் தயாரானது, கடிதங்கள் பறந்தன. டிசம்பர் 30ஆம் திகதி தேயிலைத் தடை விலகியது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதே நாட்களில், கூரைத்தகடு செய்யப் பயன்படும், தூசி நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸின் இறக்குமதிக்குப் போடவிருந்த கட்டுப்பாட்டை நமது அரசாங்கம் தள்ளிவைத்தது. அஸ்பெஸ்டஸை அதிகம் தோண்டி விற்கும் நாடுகளில் ரஷ்யா முன்னணி. வண்டுக்கும் கூரைத்தகட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்த அறையில் நான் இருக்கவில்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம்: நாடுகள் பேசும்போது மேசையில் ஒரு சாமான் மட்டும் இருப்பதே இல்லை. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டிவரும். கொடுக்கப்படும் அந்த இன்னொன்று யாருடைய நெஞ்சுக்குள் தூசியாகப் போகும் என்று கேட்பதற்கு அந்த மேசையில் ஆள் இருக்க வேண்டும்.

ஜப்பான் கதை வேறு மாதிரி. அங்கே தடை இல்லை, அளவு. 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினியை இங்கே தடை செய்தார்கள். புல் நிற்குமா? தோட்டங்கள் வேறு மருந்துக்கு மாறின. அதில் எம்.சி.பி.ஏ. என்ற ஒன்றின் மிச்சம் ஜப்பானியப் பரிசோதனையில் அகப்பட்டது. அவர்களுடைய எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். எங்கள் பரிசோதனைக்கூடத்துப் பையன் சொன்னான், 'ஒரு லொறி நிறைய தூளில் ஒரு சிட்டிகை உப்பு மாதிரி, ஐயா.' 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் கிளைபோசேட்டை மறுபடி அனுமதித்தார்கள். இப்படிப்பட்ட அளவுகள் மாறப்போகின்றன என்பதை முன்கூட்டியே மணந்து பிடித்து ஊருக்கு எழுதுவது தூதரக வர்த்தக அதிகாரியின் வேலை. எழுதுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடிதம் அமைச்சுக்கு வரும், தேயிலைச் சபைக்கு வரும், கம்பனிக்கு வரும், தோட்டத்து மேலாளரான துரைக்கு வரும். முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கிறவருக்கு வருமா? வராது. அவருக்கு வருவது கலந்து கொடுத்த வாளி மட்டும்.

ஈரானைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரான் நமது தேயிலையை விரும்பிக் குடிக்கும் நாடு. ஆனால் அமெரிக்கத் தடைகளால் வங்கி வழியாகக் காசு வருவது பெரும் பாடு. இங்கே நாமோ அவர்களிடம் வாங்கிய எண்ணெய்க்கு ஏறக்குறைய 25 கோடி டொலர் கடன் வைத்திருந்தோம். 2021 டிசம்பரில் ஒரு வழி கண்டார்கள். மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலை ஈரானுக்குப் போகும். அனுப்பியவர்களுக்கு இங்குள்ள பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாயில் பணம் கொடுக்கும். எண்ணெய்க் கடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். டொலர் எங்கேயும் கைமாறாது. நம் ஊர்க் கடையில் கொப்பி போட்டு மாதக் கடைசியில் கழிப்போமே, அந்தக் கணக்குதான். நாட்டில் பொருளாதாரமே கவிழ்ந்து கிடந்ததால் நடைமுறைக்கு வர 2023 ஆகிவிட்டது. இதைக் கம்பனிகள் தமக்குள் பேசிச் செய்திருக்கவே முடியாது.

இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. 1952இல் நாம் சீனாவோடு செய்த றப்பர் - அரிசி ஒப்பந்தம். ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் போகும், 2,70,000 தொன் அரிசி வரும். வேடிக்கை என்னவென்றால், அப்போது நமக்கும் சீனாவுக்கும் இராஜதந்திர உறவே கிடையாது. அது 1957இல்தான் வந்தது. வயிறு முதலில் போனது, தூதர் பின்னால் போனார்.

சரி, என் மேசைக்கு வருகிறேன். சில அரபு நாடுகளுக்குச் சரக்கு அனுப்பினால், விலைப்பட்டியலிலும் பிறப்பிடச் சான்றிதழிலும் கொழும்பிலுள்ள அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை வேண்டும். ஒருமுறை நான் நிகர எடையையும் மொத்த எடையையும் இடம் மாற்றி அடித்துவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு பார்வை பார்த்தார், கடதாசியைத் திருப்பித் தள்ளினார். அடுத்த நாள் அவர்களுக்கு விடுமுறை. அதற்கடுத்து நமக்குப் போயா விடுமுறை. கொண்டெய்னர் துறைமுகத்தில் நின்றது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறியது. அந்த மாதம் என் சம்பளக் கவரைத் திறக்கவே பயமாக இருந்தது. ஆனால் அந்த முத்திரையைத் தொல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிங்க முத்திரை போட்ட பெட்டிக்குள் வேறு நாட்டுத் தூளைக் கலந்து விற்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். இது இலங்கைத் தேயிலைதான் என்று யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கத்தான் வேண்டும்.

ஒத்துழைப்பு என்ற இன்னொரு பக்கம் நம் கண் முன்னாலேயே நிற்கிறது. நீர்மின் திட்டங்களைப் பாருங்கள்: தலவாக்கலையில் மேல் கொத்மலை, ஜப்பான் கடன். கீழே கொத்மலை, சுவீடன். விக்டோரியா, பிரிட்டன். ரந்தெனிகல, ஜெர்மனி. டிக்கோயாவில் 2017இல் திறந்த 150 கட்டில் வைத்தியசாலை, இந்தியா. 2022இல் அடுப்பு எரியாத நாட்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த அரிசியும் பால்மாவும் நம் லயங்களுக்கு வந்து சேர்ந்ததை மறக்க முடியுமா? இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு தூதரகத்தில் ஒருவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

ஆனால் கொடுக்கிற நாட்டின் கம்பனிதான் பெரும்பாலும் கட்டவும் வருகிறது. அதுவும் வர்த்தகம்தான். உமா ஓயா நீர்த்திட்டத்தை ஈரான் கம்பனி கட்டியது. 2024 ஏப்ரலில் அந்த நாட்டு ஜனாதிபதியே வந்து திறந்தார். சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. திறப்பு விழாப் படத்தில் வெடித்த சுவர் வராது.

இப்போது சிறிய வியாபாரிகளுக்கு. வெளிநாடுகளிலுள்ள நமது தூதரகங்கள் சிலவற்றில் வர்த்தகத் திணைக்களத்து அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் மிளகை விற்றுத் தர மாட்டார்கள். கொடுத்த சாமானுக்குக் காசு வராவிட்டால் வசூலித்தும் தர மாட்டார்கள். ஆனால் இப்படி ஒரு கம்பனி உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். மாத்தளையில் மிளகு சேகரிக்கும் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஐந்து தொன்னுக்கு ஓடர் வந்தது. முற்பணம் கிடையாது, கடிதத்தலைப்பு மட்டும் பளபள என்றிருந்தது. தூதரகத்துக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். அந்த முகவரியில் இருப்பது ஒரு சலவைக்கடை என்று பதில் வந்தது.

என் அண்ணன் மகள் பூண்டுலோயாவில் வீட்டைச் சுற்றியுள்ள தேயிலையைக் கையால் உருட்டிப் பதப்படுத்துகிறாள். ஐரோப்பாவில் அதற்கு நல்ல விலை என்று எங்கேயோ கேட்டுவிட்டு, சித்தப்பா, எழுதிக் கொடுங்கள் என்று நின்றாள். முதலில் தேயிலைச் சபை, ஏற்றுமதி அபிவிருத்திச் சபை என்று விசாரித்து, அப்புறம் அங்குள்ள நமது தூதரகத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதினோம். மூன்று வாரம் சத்தமே இல்லை. பிறகு பதில் வந்தது. கொள்வனவு செய்யக்கூடிய நான்கு கம்பனிகளின் பெயர், கீழே இரண்டு கேள்வி. மருந்து மிச்சத்துக்கான பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? மாதாமாதம் தவறாமல் எத்தனை கிலோ தர முடியும்?

அவளிடம் அப்போது இருந்தது பன்னிரண்டு கிலோ. இப்போது பக்கத்து மூன்று வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளப் பேசிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வீட்டார் சரி என்றுவிட்டார்கள். மூன்றாவது வீட்டு ஐயா புல்லுக்கு மருந்தடிப்பதை நிறுத்த இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் வந்து பேசச் சொல்லியிருக்கிறாள்.

வணக்கம்.