ஒரு மாணவர் கேட்ட கோப்பு

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகங்களில் ஐரோப்பியச் சட்டப் பாடம் பெரும்பாலும் ஆணையம், நாடாளுமன்றம், நீதிமன்றம் என்று அமைப்புகளின் பட்டியலோடுதான் தொடங்குகிறது. மாக்ஸ் ஷ்ரெம்ஸிலிருந்து தொடங்குங்கள் என்பேன் நான்.

அப்போது ஆஸ்திரிய நாட்டுச் சட்ட மாணவராக இருந்த இவர், 2011இல் ஒரு பருவம் படிக்கக் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்துக்குப் போனார். வகுப்பில் பேச ஃபேஸ்புக் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் வந்தார். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டத்தின் கண்டிப்பு அவருக்குப் பிடிபடவில்லை என்று ஷ்ரெம்ஸுக்குப் பட்டது. அதையே பருவக் கட்டுரைக்குப் பொருளாக்கினார். பிறகு, தம்மைப் பற்றி வைத்திருப்பதையெல்லாம் தரும்படி நிறுவனத்திடமே கேட்டார். வந்த கோப்பு 1,200 பக்கங்களுக்கு மேல்! அவர் அழித்துவிட்ட செய்திகளும் அதில் இருந்தன.

நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் டப்ளினில் இருந்ததால் புகார்கள் அயர்லாந்துக்குப் போயின. அமெரிக்க உளவு அமைப்புக்காகப் பணியாற்றிய எட்வர்ட் ஸ்னோடன் அந்நாட்டின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய 2013இல், தம் தரவு அமெரிக்காவுக்கு அனுப்பப்படுவதை எதிர்த்து ஷ்ரெம்ஸ் கொடுத்த புகாரை அங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையர் விசாரிக்க மறுத்தார். ஷ்ரெம்ஸ் விடவில்லை. வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவுக்குத் தரவு அனுப்ப 2000 முதல் இருந்துவந்த ஏற்பாடு செல்லாது என்று 2015 அக்டோபர் 6 அன்று தீர்ப்பானது. அதற்கு மாற்றாக வந்த ஏற்பாடும் 2020 ஜூலையில் செல்லாததாகிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு மனித கண்ணியம், சுதந்திரம், ஜனநாயகம், சமத்துவம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமைகள் என்று பொது விழுமியங்களை அடுக்குகிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தமளிக்கிறது. 2015 தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். தம் தரவைப் பார்க்கவோ திருத்தவோ அழிக்கவோ வழக்காட வழியில்லாத இடத்தில் சட்டத்தின் ஆட்சியே இல்லை என்கிறது நீதிமன்றம். அந்த ஒரு பத்தியை விளக்கவே ஒரு வாரம் வேண்டும்.

ஆகவே முதல் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவரும் தாம் பயன்படுத்தும் ஒரு செயலியின் நிறுவனத்துக்கு, தம்மைப் பற்றி வைத்திருப்பதையெல்லாம் தரும்படி கடிதம் எழுதட்டும். 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் (GDPR) 15ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால், புகார் எழுதுவது அடுத்த பாடம். வந்தால், வகுப்பில் பாதிப் பேர் நிறுவனத்தின் பக்கம் நின்று, ஒவ்வொரு தகவலையும் எந்தச் சட்ட அடிப்படையில் வைத்திருக்கிறோம் என்று மற்றப் பாதிக்கு விடை சொல்லட்டும். வணக்கம்.