தந்தி அடிச்ச பெருந்தன்மை

நடுவர் அய்யாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், சேர் கிடைக்காம பின்னாடி நின்னுக்கிட்டே கேக்குறவங்களுக்கு ரெண்டு வணக்கம். அவ்ளோதான், மணி அடிக்கிறவர் கை இப்பவே மணி மேல இருக்கு.

தலைப்பு என்ன? பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது போராட்டத்தாலயா, பெருந்தன்மையாலயா. போராட்டம்தான்னு நாலு பக்கம் எழுதிட்டு வந்தேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு வார்த்தை விட்டாரு பாருங்க, "சட்டசபையில கை தூக்கினது பூரா ஆம்பளைங்க, வீட்ல பொண்டாட்டி சேலை கேட்டா எடுத்துக் குடுக்குற மாதிரி கேட்டாங்க குடுத்தோம், இதுல போராட்டம் எங்கருந்து வந்துச்சு"ன்னு. நீங்களும் விழுந்து விழுந்து கை தட்டுனீங்க. அந்த நாலு பக்கத்தையும் மடிச்சு வச்சுட்டேன். இனி சேலை மட்டும்தான்.

அண்ணே, முதல் சேலை எடுத்த கடைக்கே போவோம் வாங்க. நியூசிலாந்து, 1893. ஒரு நாடு தன் பார்லிமென்ட் தேர்தல்ல பெண்களை ஓட்டுப் போட விட்டது முதல் முதலா அங்கதான். கேட் ஷெப்பர்டுன்னு ஒரு அம்மா முன்னால நிக்கிறாங்க. 1891ல மனு, வேலைக்கு ஆகல. 1892ல அதைவிடப் பெரிய மனு, அதுவும் ஆகல. 1893ல எல்லா மனுவும் சேர்த்து கிட்டத்தட்ட 32,000 கையெழுத்து. வந்து குவிஞ்ச தாளை எல்லாம் அந்தம்மா ஒண்ணோட ஒண்ணு பசை போட்டு ஒட்டுறாங்க, ஒட்ட ஒட்ட அது 270 மீட்டர் போயிருச்சு. அவ்ளோ நீளத்தை எதுல சுத்துறது? விளக்குமாத்துக் கட்டையில சுத்தினாங்க! சிரிக்காதீங்க, நெசமாத்தான். சர் ஜான் ஹால்னு ஒரு உறுப்பினர் அதைக் கொண்டுபோய் சபை நடுவுல உருட்டி விட்டாரு. உருளுது. உறுப்பினர் எல்லாம் காலைத் தூக்கிக்கிட்டாங்களோ என்னமோ, அது உருளுது. நிக்கவே மாட்டேங்குது. கடைசியில அந்தப் பக்கச் சுவர்ல போய் டொம்!

அண்ணே, உங்க வீட்ல சேலை இப்படித்தான் கேப்பாங்களா? விளக்குமாறு சுவர்ல போய் முட்டுற வரைக்கும் நீங்க எடுத்துக் குடுக்க மாட்டீங்களா?

இருங்க, கதை முடியல. கீழ்சபையில பாஸ் ஆயிருச்சு. மேல்சபை கவுத்து விட்டுரும்னு அங்க பிரதமர் செடன் நம்பிக்கிட்டு இருந்தாரு. எண்ணிப் பார்த்தா இழுபறி. உடனே மேல்சபையில இருந்த தன் கட்சிக்காரர் ஒருத்தருக்கு தந்தி அடிக்கிறாரு, உன் ஓட்டை மாத்துய்யான்னு. நடுவர் அய்யா, நீங்களே சொல்லுங்க, பொண்டாட்டிக்கு சேலை எடுத்துக் குடுக்குற மகராசன் எவனாவது ஜவுளிக்கடைக்காரனுக்கு "அவ வந்தா குடுத்துறாதே"ன்னு தந்தி அடிப்பானா? பின்னாடி கேக்கலையாம், மறுபடி சொல்றேன். தந்தி! அடிப்பானா?

விஷயம் வெளிய வந்துருச்சு. பெண்களுக்கு ஓட்டு வேணாம்னு இருந்த எதிர்க்கட்சிக்காரங்க ரெண்டு பேரு, இப்படிக் குறுக்கு வழியா போறன்னு கடுப்பாகி மாத்திப் போட்டுட்டாங்க. 20க்கு 18, பாஸ். அந்த ரெண்டு ஓட்டும் பெருந்தன்மையா? செடன் மேல காண்டு! அப்போ காண்டாலதானே வந்துச்சும்பாரு அண்ணன், எனக்குத் தெரியும் அவரை. அந்தக் கட்டை சுவர்ல முட்டாம இருந்திருந்தா செடன் எதுக்குப் பயந்து தந்தி ஆபீசுக்கு ஓடணும்?

மத்த கடையெல்லாம் வேகமா பார்த்துருவோம். பிரிட்டன்ல 1918ல ஆம்பளைக்கு 21 வயசுல ஓட்டு, பொம்பளைக்கு 30, அதுக்கும் சொத்துத் தகுதி வேற. முந்தானையை மட்டும் கிழிச்சுக் குடுத்தாங்க, முழுச் சேலை வந்தது 1928ல. சுவிட்சர்லாந்துல 1959ல ஆம்பளைங்க மட்டும் ஓட்டுப் போட்டு, பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணாம்னு முடிவு பண்ணாங்க, 1971 வரைக்கும் கடை தெறக்கவே இல்ல. சென்னை மாகாணம் 1921லயே குடுத்துச்சேன்னு அண்ணன் மார் தட்டுனாரு, 1917 டிசம்பர்ல சரோஜினி நாயுடு தலைமையில பெண்கள் குழு சென்னையில, இந்தியாவைக் கவனிச்ச பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவைப் பார்த்து ஓட்டு கேட்டதை மட்டும் நைசா விட்டுட்டாரு. 1921ல கிடைச்சதும் சொத்து பத்து காட்ட முடிஞ்ச பெண்களுக்குத்தான்.

வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு நம்ம அரசியலமைப்புச் சட்டம் சொல்லிருச்சு. முதல் பொதுத் தேர்தலுக்கு, 1951-52ல நடந்ததுக்கு, பட்டியல் எடுக்கப் போனா பேரைக் கேட்டா பேர் வரல. இன்னார் பொண்டாட்டி, இன்னார் அம்மான்னுதான் வருது. பெரும்பாலும் வடக்க. தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பேர் இல்லாம சேர்க்க முடியாதுன்னுட்டாரு. கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் பட்டியல்ல இல்லாமப் போனாங்க. உரிமை இருக்கு, பேரு இல்ல.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் வந்துருச்சு, தலைப்புக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் கேக்காதீங்க. ஊர்ல அவளுக்குப் பேரே கிடையாது. தாத்தா இருந்தவரைக்கும் அவரு சம்சாரம், அப்புறம் எங்கப்பாவோட ஆத்தா. ரேஷன் கடையில கூட அப்படித்தான். வெயில்ல எதுக்கு அப்பத்தா இவ்ளோ தூரம் நடக்குற, ஒரு ஓட்டுல என்ன ஆகப் போகுதுன்னு கேட்டதுக்குச் சொன்னா, "அங்க போனாத்தான்டி என் பேரச் சொல்லிக் கூப்பிடுறான்."

பூத்துல முதல் மேசையில இருக்குறவர், ஏஜெண்டுகளுக்குக் கேக்கணும்னு வரிசை எண்ணையும் பேரையும் சத்தமா படிப்பாருல்ல, அதுக்காகப் போயிருக்கா! ஒரு தரம் ஒரு சின்னப் பையன் டூட்டியில இருந்தான், முணுமுணுன்னு படிச்சுட்டான். இவ நகரவே இல்ல. "காது கேக்கல தம்பி, இன்னொரு தரம் சத்தமா படி"ன்னு நிக்கிறா. அவளுக்குப் பாம்புச் செவி அய்யா, அடுத்த தெருவுல சண்டைன்னா முதல்ல அவளுக்குத்தான் கேக்கும்.

அவன் மறுபடி படிச்சான். பூத்தே திரும்பிப் பார்க்குற மாதிரி படிச்சான்.

மணி அடிச்சுட்டாங்க, உக்காந்துர்றேன். நடுவர் அய்யா, தீர்ப்பை நீங்களும் கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க.