என்ஜினே இல்லாமல் 882 கிலோமீட்டர் வேகம்! ஆரல்வாய்மொழிக் காற்றில் எங்கள் ஃபோம் விமானம் என்ன ஆச்சு?

ரிமோட்டில் பறக்கும் விமானங்களில் அதிவேகமானது எது? குட்டி ஜெட் என்ஜின் வைத்தது என்றுதானே நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜெட் மாடலின் கின்னஸ் சாதனை 2017இல் மணிக்கு 749 கிலோமீட்டர். பெரிய விஷயம்தான். ஆனால் 2021 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு மலை முகட்டில் இன்னொன்று 882 கிலோமீட்டரைத் தொட்டது. அதில் என்ஜினே கிடையாது. மோட்டார் இல்லை, புரொப்பல்லர் இல்லை, எரிபொருள் ஒரு சொட்டு இல்லை.

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. நம்ம பஸ் பார்வதிபுரம் தாண்டவே அதைவிட அதிக நேரம் எடுக்கும்.

அப்படியானால் அது எதில் ஓடுகிறது? வெறும் காற்றில். காற்றா? அது நம்ம மாவட்டத்தில் கரண்டாக மாற்றி விற்கிற அளவுக்குக் கிடக்கிறதே!

வணக்கம் மக்களே. எல்லா யூடியூபரும் 'மக்களே' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், தெரியும். ஆனால் குமரி மாவட்டத்தில் யூடியூப் வருவதற்கு முன்பே, ஒரே ஒரு பிள்ளை நின்றாலும் 'மக்களே இங்க வா' என்றுதான் கூப்பிடுவோம். அதனால் உரிமை எங்களுக்குத்தான்.

(காட்சி: அறுவடை முடிந்த வயல். சுற்றிலும் தென்னை.)

வரலாறு வேண்டுமா? வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு குட்டிப் படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். 1930களின் கடைசியில் அமெரிக்காவில் குட் என்ற சகோதரர்கள் விமானத்தையே அப்படிப் பறக்கவிட்டார்கள். அப்புறம் பல வருஷம் ஒரு தொல்லை இருந்தது. இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ரிமோட்டை ஆன் செய்தால் ஒருவர் விமானம் தரையில். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, துணி உலர்த்துகிற கிளிப்பில் அலைவரிசை எண்ணை எழுதி மாட்டியிருப்பார்கள். கிளிப் கையில் இருப்பவர் மட்டும்தான் ரிமோட்டைத் தொடலாம். ஒன்றோடொன்று மோதாத 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்ததும் கிளிப் எல்லாம் கொடிக்கயிற்றுக்கே திரும்பிவிட்டது. வரலாறு முடிந்தது.

இப்போது எங்கள் குழு. பெயர்ப்பலகை, பதிவு எண், தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குரூப், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, ஒரு ஃபிளாஸ்க் சாயா. அவ்வளவுதான் சங்கம். வங்கியில் ஓய்வு பெற்ற மாமா ஒருவர், வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருவர், பாலிடெக்னிக் பையன்கள் நாலு பேர், வளைகுடாவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் வாசனைத் திரவியத்துக்குப் பதிலாகப் பெட்டி நிறைய செர்வோ (விமானத்தின் இறக்கை, வால் தட்டுகளை அசைக்கும் குட்டி மோட்டார்) கொண்டுவரும் இன்னொரு அண்ணன். அவர் வீட்டில் அதற்கு என்ன பேச்சு வாங்குகிறார் என்பது வேறு வீடியோவுக்கான விஷயம்.

ஓடுதளம்? கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த வயல்தான். அடுத்த போகமான கன்னிப்பூ நடவுக்கு உழவு தொடங்கும்வரை அது எங்கள் ஏர்போர்ட். சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டிரோனா? கல்யாண வீட்டுக்கு வருமா, எவ்வளவு வாங்குவிய?" மாமா பொறுமையாக விளக்குவார்: "டிரோன் தானாக நிற்கும். இது நிற்காது. நின்றால் விழுந்துவிடும்."

இந்த வருஷத்துச் செய்தி இரண்டு. நல்லது முதலில். எங்கள் குழுவில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை தனியாகப் பறக்கவிட்டுத் தனியாக இறக்கிவிட்டாள். இது சின்ன விஷயம் இல்லை. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது ரிமோட்டின் குச்சியை இடது பக்கம் தள்ளினால் அது இடது பக்கம் போகும். அதே விமானம் உங்களைப் பார்த்துத் திரும்பி வரும்போது? உங்கள் கண்ணுக்கு எல்லாம் தலைகீழ். இடது என்று தள்ளினால் வலது பக்கம் சாயும். புதிதாக வருபவர்களின் விமானம் பாதி இந்த இடத்தில்தான் உடைகிறது. மாமா சொல்லிக்கொடுக்கும் வழி: "மக்களே, இடது வலது எல்லாம் மற. திரும்பி வரும்போது எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு. தாழும் இறக்கைக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி." அவ்வளவுதான். அந்தப் பிள்ளை மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. கமெண்டில் சிரிக்காதீர்கள்.

கெட்ட செய்தி: வயலில் பாதி இப்போது பிளாட். கல் நட்டுவிட்டார்கள். மிச்சப் பாதி மூன்று பக்கம் தென்னை சூழ்ந்த குறுகல். அந்தப் பக்கத்து விளைக்காரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் விமானம் அவர் தென்னையில் மாட்டினால் மரம் ஏறுகிறவரைக் கூப்பிட வேண்டும். கூலி எங்கள் கணக்கு. ஆள் ஏறியதும் கீழேயிருந்து விளைக்காரர் சத்தம் கொடுப்பார்: "ஏறினதுதான் ஏறினே, அந்தக் குலையையும் வெட்டிப் போடு." பக்கத்து மரம், அதற்கடுத்த மரம் என்று அப்படியே போகும். விமானம் கடைசியாக இறங்கும். கொஞ்ச நாளில் அவர் தனியாக ஆள் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது காற்றுக்கு வருவோம். வீடியோவே இதற்குத்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் எங்கள் ஃபோம் விமானம் பறக்காது, பறந்துபோய்விடும். மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து முழு மோட்டாரும் கொடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். திருப்பினால் தோவாளைப் பூச்சந்தையில் போய்த் தேட வேண்டும். காரணம் உங்களுக்கே தெரியும், ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் மலை, நடுவில் இடைவெளி. சானல் ஷட்டரைப் பாதி திறந்தால் தண்ணீர் சீறுமே, அதுபோல அரபிக்கடல் காற்று அந்த இடைவெளிக்குள் நெருக்கிச் சீறுகிறது. முப்பந்தலில் கரண்டு எடுக்க அத்தனை காற்றாடி நட்டிருப்பது அதனால்தான். வருஷத்தில் நாலு மாதம் நாங்கள் விமானத்தைப் பரணில் ஏற்றிவிட்டு அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் வயலும் போனதால் வேறு வழியில்லாமல் வெல்டிங் அண்ணன் ஒன்று சொன்னார்: "மோட்டாரைக் கழற்றுவோம்."

விஷயம் இதுதான். காற்று ஒரு குன்றில் வந்து மோதினால் எங்கே போகும்? மேலேதான். கிளைடர், அதாவது மோட்டார் இல்லாத விமானம், எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது இறங்குவதைவிட வேகமாகக் காற்று மேலே ஏறினால்? ஜவுளிக்கடையில் மேலே போகும் எஸ்கலேட்டரில் பிள்ளைகள் கீழ்நோக்கி மெல்ல நடப்பார்களே, அதே கணக்கு. கால் இறங்குகிறது, ஆள் ஏறுகிறான். மோட்டாரே வேண்டாம். காற்று நிற்கும்வரை, அல்லது ரிமோட்டைப் பிடித்திருப்பவருக்குக் கழுத்து வலிக்கும்வரை பறக்கலாம்.

அப்படியானால் 882? அது இதற்கும் மேலே ஒரு படி, எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். குன்றின் முன்பக்கம் பலத்த காற்று. பின்பக்கம், மறைவில், காற்றே இல்லை. முகட்டுக்குப் பின்னால் இந்த இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை. கிளைடரை அந்த எல்லையை வெட்டி வெட்டி வட்டமடிக்க விடுகிறார்கள். அமைதியிலிருந்து மேலேறிக் காற்றுக்கு எதிராக நுழையும்போது இறக்கையின் மேல் பாயும் காற்றின் வேகம் சட்டென்று கூடுகிறது. அங்கே திரும்பிக் காற்றோடு சேர்ந்து ஓடி மறுபடி அமைதிக்குள் குதிக்கும்போது இன்னொரு தடவை கூடுகிறது. ஊஞ்சலின் இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒருவர் நின்று தள்ளினால் எப்படி இருக்கும்? ஒரு வட்டத்துக்கு இரண்டு தள்ளு. நாலைந்து வட்டத்தில் கண் தொடர முடியாத வேகம். காற்றின் தடை பிடித்து நிறுத்தும்வரை ஏறிக்கொண்டே போகும்.

இதை மனிதன் கண்டுபிடித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை அலைகளுக்கு மேலே இப்படித்தான் சிறகடிக்காமலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. அது எப்படிச் சாத்தியம் என்று 1883லேயே ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் எழுதிவைத்துவிட்டார். பேட்டரி, மோட்டார் என்று பத்தாயிரம் ரூபாய் செலவழித்த பிறகு இதைத் தெரிந்துகொண்ட எங்களை என்ன சொல்வது?

(காட்சி: பாறைக்குன்று. தூரத்தில் காற்றாடிகள்.)

சரி, நாங்கள் என்ன செய்தோம்? காற்றாடிகளிலிருந்து நன்றாக விலகி, தெரிந்தவர் ஒருவருக்குச் சொந்தமான சின்னப் பாறைக்குன்று. மலையின் அந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்டத்தில், மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் என்ஜினைச் சோதிக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள் ஃபோம் இறக்கையில் பெருக்கல் குறியாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம். இந்தியாவின் விண்வெளிப் பெருமை இரண்டு பக்கமும் சமமாகப் பரவட்டும்.

முதல் விமானம் என்னுடையது. எறிந்தேன். நேராக வலது பக்கம் புரண்டு பாறையில் அடித்தது. இரண்டு விநாடி. இறக்கையின் செர்வோ தலைகீழாக இணைந்திருந்தது. பறக்கும் முன் குச்சியை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று புதியவர்களுக்கு வாரம்தோறும் பாடம் நடத்துவது யார்? நான்தான்.

இரண்டாவது, அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை எறிந்தது. அது ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. மோட்டார் சத்தம் இல்லாமல், இறக்கையில் காற்று விசிலடிக்கும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு செம்பருந்து வந்து சேர்ந்தது. சண்டைக்கு வருகிறதோ என்று பயந்தோம். அது எங்கள் கிளைடருக்கு நாற்பதடி தள்ளி, அதே காற்றில், சிறகை அசைக்காமல் நின்றது. அது நகர்ந்த இடத்துக்கெல்லாம் அந்தப் பிள்ளையும் நகர்த்தினாள். எங்கே காற்று ஏறுகிறது என்று காட்ட அதைவிட நல்ல கருவி எங்களிடம் இல்லை. நாற்பது நிமிடம். எங்கள் பேட்டரி விமானம் எட்டு நிமிடத்தில் இறங்கிவிடும்.

882 முயற்சி செய்தீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. அது கார்பன் ஃபைபர் இறக்கைக்காரர்களின் வேலை. அந்த வேகத்தில் எங்கள் ஃபோம் மிக்சர் பொட்டலத்தில் கடைசியில் கிடக்கும் தூள் மாதிரி ஆகிவிடும்.

சட்டம் ஒரு நிமிடம், தாண்டிப் போகாதீர்கள். 2021 டிரோன் விதிகள் இதற்கும் பொருந்தும். பொழுதுபோக்கு மாடலை எப்போதும் கண்ணில் படும் தூரத்தில்தான் வைத்திருக்க வேண்டும். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் பச்சைப் பகுதியா என்று பாருங்கள். விமான நிலையத்திலிருந்து தள்ளியிருக்கும் பச்சைப் பகுதியில் 400 அடி வரைதான். பக்கத்தில் கூடங்குளம் இருக்கிறது, இஸ்ரோ இருக்கிறது. வரைபடம் பார்க்காமல் எறியாதீர்கள்.

பிடித்திருந்தால் ஒரு லைக். உங்கள் ஊர்ப் பக்கம் மரமில்லாத, மேற்கே பார்த்த குன்று இருந்தால், உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கமெண்டில் போடுங்கள், வருகிறோம்.

ஆங், முடிப்பதற்குள் ஒன்று. போன வாரம் அந்த விளைக்காரர் மாமாவுக்கு போன் செய்திருக்கிறார். "என்னப்பா, ரெண்டு மாசமா ஒருத்தரையும் காணல்ல? பிளேன் விடலையா? இங்க தேங்கா எல்லாம் முத்திட்டு நிக்கு."