இருப்புப்பாதையும் பனிக்கடலும்: கனடாவின் வெகுசன வரலாற்று நூல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவில் வெகுசன வரலாற்று நூல்களுக்கு இருக்கும் ஈர்ப்பைப் பற்றியும், அந்த எழுத்து கடந்த அரை நூற்றாண்டில் அடைந்திருக்கும் மாற்றத்தைப் பற்றியும் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். வரலாற்றைக் கதைபோல் வாசிப்பது என்றால் தமிழில் நமக்குப் பெரும்பாலும் நாவல்தான் நினைவுக்கு வரும். அரசனும் ஒற்றனும் தனிமையில் பேசிக்கொள்வதை அங்கே ஆசிரியர் தம் கற்பனையால் இயற்றிக்கொள்ளலாம். நான் இன்று பேசவிருக்கும் நூல்களில் ஆசிரியருக்கு அந்த உரிமை கிடையாது. ஒருவர் இன்னதைச் சொன்னார் என்று எழுதினால், அது ஒரு கடிதத்திலோ நாட்குறிப்பிலோ நாடாளுமன்றப் பதிவிலோ இருந்தாக வேண்டும். அந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டே வாசகரைப் புத்தகத்தைக் கீழே வைக்கவிடாமல் செய்வதுதான் இந்த எழுத்தின் வலிமை. யாருடைய சொல்லைச் சான்றாகக் கொள்வது என்ற கேள்விக்குக் கனடா அளித்துவந்த விடை மாற மாற, இந்த எழுத்தும் மாறியிருக்கிறது என்பது என் எண்ணம்.

தொடக்கமே ஒரு புண்பட்ட மனத்திலிருந்து பிறந்தது. 1837, 1838 ஆண்டுகளின் கிளர்ச்சிகளுக்குப் பிறகு நிலைமையை ஆராயப் பிரிட்டனிலிருந்து வந்த டர்ஹாம் பிரபு, 1839-இல் வெளியான தம் அறிக்கையில், பிரெஞ்சு மொழி பேசும் கனடியர்களை வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள் என்று எழுதினார். கியூபெக் நகரில் பத்திரப்பதிவுத் தொழில் பயின்ற பிரான்சுவா சவியே கார்னோ என்பவர் அதற்கு விடையாகத் தம் மக்களின் வரலாற்றை எழுதினார். முதல் தொகுதி 1845-இல் வந்தது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத ஒருவர், பொதுமக்கள் படிப்பதற்காக எழுதிய வரலாறு அது. அந்த மரபு கியூபெக்கில் அறுபடவில்லை. 1960-களில் ழாக் லாகூர்சியேரும் அவருடைய நண்பர்களும் பழைய காலத்து நிகழ்வுகளை அன்றைய செய்திபோல் எழுதி, ஒரு செய்தித்தாளின் வடிவிலேயே வரலாற்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். லாகூர்சியேர் பின்னர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரலாறு சொல்லியே வீடுதோறும் அறிமுகமானார்.

ஆங்கிலக் கனடாவில் இந்த எழுத்தைப் பெரும் வாசகர் கூட்டத்திடம் கொண்டுசேர்த்தவர் பியர் பெர்ட்டன். 1920-இல் கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகான் பகுதியின் வைட்ஹார்ஸில் பிறந்து, தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் ஓடிவந்த டாசன் நகரில் வளர்ந்தவர். அவருடைய தந்தையே அந்த ஓட்டத்தில் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர். பெர்ட்டன் பத்திரிகையாளர், பேராசிரியர் அல்லர். தங்க வேட்டையைப் பற்றி 1958-இல் அவர் எழுதிய 'கிளாண்டைக்' அவருக்குக் கனடாவின் உயரிய இலக்கிய விருதான கவர்னர் ஜெனரல் விருதைப் பெற்றுத் தந்தது. கனடியப் பசிபிக் இரயில் பாதை போடப்பட்ட கதையை 1970-இலும் 1971-இலும் இரண்டு பெரிய நூல்களாக எழுதினார். 'தி நேஷனல் டிரீம்', 'தி லாஸ்ட் ஸ்பைக்' ஆகிய அவ்விரு நூல்களையும் நாடே வாங்கிப் படித்தது. 1974-இல் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி அவற்றைத் தொலைக்காட்சித் தொடராக்கியது.

இரயில் பாதை போட்ட கதையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பத்தாண்டுகளுக்குள் இருப்புப்பாதை வந்து சேரும் என்ற வாக்குறுதியை நம்பித்தான் பிரிட்டிஷ் கொலம்பியா 1871-இல் கனடாவுடன் இணைந்தது. அந்த வாக்கைக் காப்பாற்ற, சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே பாறையையும் சதுப்பையும், மேற்கே மலைத்தொடர்களையும் கடந்தாக வேண்டும். 1885-இன் தொடக்கத்தில் இரயில் நிறுவனம் பணமின்றித் திவாலாகும் நிலையில் நின்றது. அவ்வேளையில் வடமேற்கில் லூயி ரியலின் தலைமையில், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த மரபினரான மெட்டி மக்கள் அரசுக்கு எதிராக எழுந்தார்கள். பாதை முடியாத இடங்களில் பனிச்சறுக்கு வண்டியிலும் கால்நடையாகவும் கடந்து படைகள் மேற்கே விரைந்தன. பாதையின் பயனைக் கண்ட நாடாளுமன்றம் அந்தக் கோடையில் நிறுவனத்துக்கு நிதியுதவி அளித்தது. 1885 நவம்பர் 7 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரெய்கெலாக்கி என்ற இடத்தில் நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவரான டொனால்ட் ஸ்மித் கடைசி ஆணியை அடித்தார். இத்தனை திருப்பங்களையும் பெர்ட்டன் கடிதங்களையும் செய்தித்தாள்களையும் கொண்டே கட்டினார் என்பதுதான் வியப்பு. அவர் கையில் நிதி மசோதா மீதான விவாதம்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கும்படி அமைந்துவிடுகிறது.

அந்தக் கடைசி ஆணி அடிக்கப்பட்ட புகைப்படத்தைக் கனடாவில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஃபிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உயிரைக் கொடுத்து அந்தப் பாதையைப் போட்ட சீனத் தொழிலாளர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. பாதை முடிந்த அதே 1885-இல்தான் நாட்டுக்குள் குடியேற வரும் சீனர்கள்மீது ஆளுக்கு 50 டாலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903-இல் அது 500 டாலராக உயர்ந்தது. ஆணி அடித்த ஒன்பதாம் நாள், நவம்பர் 16 அன்று, ரெஜைனாவில் ரியல் தூக்கிலிடப்பட்டார். நவம்பர் 27 அன்று பேட்டில்ஃபோர்டில் பூர்வகுடி ஆண்கள் எட்டுப் பேர் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள். பெர்ட்டன் சீனத் தொழிலாளர்களின் துயரத்தை எழுதாமல் விட்டவர் அல்லர். அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் அவருடைய கதையின் நடுவில் நிற்பவர்கள் அரசியல்வாதிகளும் முதலாளிகளும் பொறியாளர்களும்தான். கடிதமும் நாட்குறிப்பும் எழுதி வைத்தவர்கள் அவர்கள். எழுதி வைத்தவர்களின் கண் வழியாகவே, பாதை கடந்துசென்ற மேற்குச் சமவெளியும் தெரிந்தது.

இந்தக் குறை வெளிப்படையான சச்சரவானது பீட்டர் சி. நியூமனின் காலத்தில். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1940-இல் குடும்பத்துடன் கனடா வந்த நியூமன், 1670-இல் அரச சாசனம் பெற்ற மென்மயிர் வணிக நிறுவனமான ஹட்சன் பே கம்பெனியின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1985-இல் வந்து விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது. கம்பெனியின் பழைய ஆவணங்கள் 1974-இல்தான் லண்டனிலிருந்து வின்னிபெக்குக்கு வந்திருந்தன. ஜெனிஃபர் பிரவுன், சில்வியா வான் கிர்க் ஆகிய இரு ஆய்வாளர்களும் மென்மயிர் (விலங்குத் தோல்) வணிகத்தில் பூர்வகுடிப் பெண்களின் இடத்தைப் பற்றி 1980-இலேயே தனித்தனி நூல்கள் எழுதியிருந்தார்கள். வணிகர்களை மணந்த அப்பெண்கள் மொழிபெயர்த்தார்கள், வழிகாட்டினார்கள், உணவும் பனிக்காலணியும் ஆக்கித் தந்தார்கள். அவர்கள் இல்லாமல் அந்த வணிகமே நடந்திராது. நியூமனோ அவர்களை வணிகர்களின் இன்பத்துக்கு உரியவர்களாக மட்டுமே காட்டிவிட்டார் என்று பிரவுன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கடுமையாக எழுதினார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆய்வு கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது, சுவைக்காக அதைப் புறக்கணிப்பது வாசகருக்குச் செய்யும் தீங்கு.

மாற்றம் எப்படி வந்தது என்பதை ஆர்க்டிக் பனிக்கடலின் கதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1845-இல் ஜான் ஃபிராங்க்ளின் 'எரபஸ்', 'டெரர்' என்ற இரு கப்பல்களில் அட்லாண்டிக்கிலிருந்து ஆர்க்டிக் வழியாகப் பசிபிக்கை அடையும் வடமேற்குக் கடல்வழி தேடி இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். பனிக்கடலுக்குள் 129 பேர் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. 1854-இல் ஜான் ரே என்ற ஹட்சன் பே கம்பெனி ஊழியர், ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுவிட் மக்களிடம் கேட்டறிந்த செய்தியை லண்டனுக்குத் தெரிவித்தார்: அந்த ஆட்கள் பட்டினியால் மடிந்தார்கள், கடைசியில் இறந்தவர்களின் உடலையே உண்டார்கள். ஃபிராங்க்ளினின் மனைவி கொதித்தெழுந்தார். சார்லஸ் டிக்கன்ஸ் தம் வார இதழில், இனுவிட் மக்களின் சொல்லை நம்பக் கூடாது என்று எழுதினார். ரே தம் வாழ்நாளில் உரிய பெருமையைப் பெறவேயில்லை.

பின்னர் நூறாண்டுகளுக்கும் மேலாக ஃபிராங்க்ளினைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்தன. அவற்றுள் பலவற்றில் இனுவிட் மக்கள் பின்னணியாகவே நின்றார்கள். 1991-இல் டேவிட் உட்மன் அவர்களுடைய வாய்மொழிச் சாட்சியங்களை ஒன்றுதிரட்டி, ஒப்பிட்டு, ஆவணங்களை மதிப்பதுபோலவே மதித்து ஒரு நூல் எழுதினார். 2001-இல் கென் மகூகன், ஜான் ரேயின் வாழ்க்கையை ஒரு சாகசக் கதையின் வேகத்துடன் எழுதி, அவருக்கு மறுக்கப்பட்ட மதிப்பைப் பொதுவாசகர் முன் மீட்டுத் தந்தார். ஆர்க்டிக்கில் ஜோவா ஹேவன் என்ற சிற்றூரில் லூயி கமூகாக் என்ற இனுவிட் வரலாற்றாளர், முதியோர் சொன்ன கதைகளையும் இடப்பெயர்களையும் பல்லாண்டுகள் சேகரித்து வந்தார். 2014 செப்டம்பரில் எரபஸ் கண்டுபிடிக்கப்பட்டது. வாய்மொழி மரபு ஒரு கப்பல் மூழ்கியதாகச் சுட்டிய பகுதியிலேயே அது கிடந்தது. 2016-இல் டெரர் கிடைத்தது. பனிக்கு மேல் கம்பம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை முன்னொரு முறை பார்த்ததாக சாமி கொக்விக் என்ற இனுவிட் ஒருவர் சொன்ன சொல்லைப் பின்தொடர்ந்து போனதால் கிடைத்தது. டிக்கன்ஸ் நம்ப மறுத்த மக்களின் சொல் கடலின் அடியில் உறுதிப்பட்டது.

இதற்கிடையே நீதிமன்றமும் ஒரு பெரிய அடி எடுத்து வைத்திருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிட்க்ஸான், வெட்சுவெட்டன் பூர்வகுடி மக்களின் நிலவுரிமை வழக்கில், அவர்களுடைய வாய்மொழி வரலாற்றுக்கு எழுத்து ஆவணங்களுக்கு இணையான இடம் தர வேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வரலாற்று நூல்களின் வாசகர்களுள் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார்களோ, ஆனால் அதற்குப் பின் வந்த நூல்களின் பக்கங்களில் அதன் தடத்தைக் காணலாம். 2000-இல் தொடங்கி 17 பகுதிகளாக ஒளிபரப்பான சிபிசியின் வரலாற்றுத் தொடரும், அந்தந்தக் காலத்து மக்களின் சொற்களை நடிகர்களின் வாயால் நேராகப் பேசவைத்துப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

1998-இல் வரலாற்றாசிரியர் ஜாக் கிரானட்ஸ்டைன், கனடிய வரலாறு கொல்லப்பட்டுவிட்டது என்று ஒரு நூலே எழுதினார். ஆய்வாளர்கள் சின்னஞ்சிறு குழுக்களின் வரலாற்றில் மூழ்கி, நாட்டின் பொதுக் கதையைக் கைவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அதன்பின் நடந்தது வேறு. செஸ்டர் பிரவுன் ரியலின் வாழ்க்கையைச் சித்திரக்கதையாக வரைந்தார். 2003-இல் நூலாக வந்த அது, முன்பு வரலாற்று நூல் பக்கமே போகாதவர்களையும் எட்டியது. சார்லட் கிரே என்ற எழுத்தாளர், கனடாவில் குடியேறிய சகோதரிகளான சூசனா மூடி, கேத்தரின் பார் டிரெயில் ஆகிய இருவரின் வாழ்வை அவர்களுடைய கடிதங்களிலிருந்து எழுதியபோது, காட்டை வெட்டி வீடு கட்டிய கதை முதல் முறையாக அடுப்படியிலிருந்தும் பேறுகால அறையிலிருந்தும் சொல்லப்பட்டதாக எனக்குத் தோன்றியது.

2013-இல் ரெஜைனா பல்கலைக்கழகப் பதிப்பகம் ஜேம்ஸ் டாஷக்கின் 'கிளியரிங் தி பிளெயின்ஸ்' நூலை வெளியிட்டது. அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வு நூல். பொதுவாசகர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். காட்டெருமை மந்தைகள் அழிந்து சமவெளி மக்கள் பட்டினியில் வாடியபோது, பஞ்சத்தில் உதவுவதாகப் பூர்வகுடிகளுடன் செய்துகொண்ட 1876-இன் ஆறாம் ஒப்பந்தத்தில் வாக்களித்திருந்த அரசு, அவர்களை ஒதுக்கிடங்களுக்குள் தள்ளி இரயில் பாதைக்கு வழிவிடச் செய்யும் கருவியாக உணவைப் பயன்படுத்தியதை அந்நூல் அரசாங்கத்தின் சொந்தக் காகிதங்களைக் கொண்டே நிறுவியது. பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டே அப்போது பூர்வகுடி விவகாரப் பொறுப்பையும் வைத்திருந்தார். கனடிய வரலாற்றுச் சங்கம் 2014-இல் இந்த நூலுக்குத் தன் உயர்ந்த பரிசைத் தந்தது. அந்தப் பரிசு அன்று மெக்டொனால்டின் பெயரையே தாங்கியிருந்தது. 2018-இல் சங்கம் அந்தப் பெயரை நீக்கிவிட்டது.

இந்த நூல்களைத் தொடங்க விரும்பும் நேயர்கள் முதலில் 'தி லாஸ்ட் ஸ்பைக்'கைப் படித்துவிட்டு, உடனே டாஷக்கின் நூலைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. காலமும் நிலமும் ஒன்றே, பிரதமரும் ஒருவரே. பெர்ட்டனின் நூலில் தண்டவாளம் முன்னேறும் ஒவ்வொரு மைலுக்கும் மனம் துள்ளும். டாஷக்கின் நூலில் அதே மைல்களில் கிடங்குகளில் உணவு கெட்டுப்போய்க் கொண்டிருக்க, வெளியே மக்கள் பட்டினி கிடப்பார்கள். இரண்டும் கனடாவின் பொது நூலகங்களில் எளிதாகக் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.