வாசலின் அகலம்

வணக்கம். நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். வானொலியில் அது தெரியாதே, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை ஒரு காட்டுப் பாதைக்குப் போயிருந்தேன். முகப்பில் பெரிதாகச் சக்கர நாற்காலிப் படம், கார் நிறுத்தத் தனி இடம், கழிப்பறையில் கைப்பிடி, எல்லாம் சரி. ஆனால் பாதை தொடங்கும் இடத்தில், மோட்டார் பைக் நுழையாமலிருக்க இரண்டு இரும்புக் கம்பங்களை நெருக்கி நட்டிருந்தார்கள். ஒரு பைக்காரர் வண்டியைக் கொஞ்சம் சாய்த்து, வளைத்து, உள்ளே போயே விட்டார். நான்தான் வெளியே.

இதைச் சொன்னால் உடனே, “அப்போ காட்டுக்குள் சிமெண்ட் ரோடு போடச் சொல்கிறீர்களா?” என்று கேட்கிறார்கள். யார் கேட்டது? எங்களை மடக்குவது நாற்காலியின் முன்னால் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்கள்தான். உருண்டைக் கூழாங்கல்லிலும் பொலபொல மணலிலும் அவை புதைந்துவிடும், பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் கீழேதான் இறங்கும். அதே இடத்தில் உடைத்த பொடிக்கல்லும் கல்தூளும் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால், கல்லின் முனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும், பார்வைக்கு மண் பாதை மாதிரியே இருக்கும்.

ஏற்றம் 20 அடிக்கு 1 அடி என்றால் நிறையப் பேர் தாங்களே உருட்டிப் போவார்கள். கட்டட வாசலில் போடும் 12-க்கு 1 சரிவை அரை கிலோமீட்டருக்கு நீட்டிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். பாதை பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் இன்னும் தொல்லை, நாற்காலி பள்ளத்துப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். பார்வையில்லாதவருக்குத் தேவை வேறு மாதிரி, கோல் தட்டிப் போக ஓரத்தில் ஒரு விளிம்பு இருந்தால் உதவும்.

மருத்துவமனை, வேலை எல்லாம் கிடைக்கட்டும், காடு மேடு அப்புறம் பார்க்கலாம் என்பவர்களும் உண்டு. ஐ.நா. சபை 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவில் பொழுதுபோக்கும் சுற்றுலாவும் இருக்கின்றன.

எனக்கு முதலில் வேண்டியது காசே செலவில்லாத விஷயம். பாதை எவ்வளவு நீளம், மிகக் குறுகலான இடத்தில் எவ்வளவு அகலம், எங்கே செங்குத்து, மழை பெய்தால் சேறாகுமா என்று உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள். வருவதா வேண்டாமா என்று நானே முடிவு செய்துகொள்கிறேன்.

அடுத்த முறை வேறொரு இடத்துக்குக் கிளம்பும் முன் போன் செய்து, வாசல் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டேன். “கவலைப்படாதீங்க, இங்க ரெண்டு பசங்க இருக்காங்க, தூக்கி விட்டுடுவாங்க” என்றார். நல்ல மனிதர்தான். நாற்காலியோடு சேர்த்து என் எடை என்னவென்று அவரும் கேட்கவில்லை, வாசலின் அகலம் எனக்கும் இன்றுவரை தெரியாது.