ஃபேன் டான்ஸுக்குப் பழகுறீங்களா? எடைக்கு முன்னாடி சூட்டைப் பாருங்க

வணக்கம். வேல்ஸ்ல பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில நடக்குற ஃபேன் டான்ஸ், பிரிட்டிஷ் ராணுவத்தோட சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். ஆளெடுக்கிற தேர்வோட பேர்போன சுமைநடை. ஸ்டோரி ஆர்ம்ஸ்ல கிளம்பி, 886 மீட்டர் பென் எ வான் உச்சியைத் தாண்டி, ஜேக்கப்ஸ் லேடர்ங்கிற செங்குத்துப் பாதையில இறங்கி, டோர்பான்டௌ போய், அதே வழியில திரும்பணும். 24 கிலோமீட்டர். அதை ஏறக்குறைய நாலு மணி நேரத்துல முடிக்கணும்.

குளிர் நாடுதானேன்னு ஏமாந்துடாதீங்க. 2013 ஜூலை 13-ல இதே மலைத்தொடர்ல, தேர்வு நடையில போன மூணு ரிசர்வ் (பகுதிநேர) வீரர்கள் சூடு தாக்கி விழுந்தாங்க, மூணு பேருமே பிழைக்கல. தசை எரிக்கிற சக்தியில முக்கால்வாசி சூடாத்தான் மாறும். முதுகை பெர்கன் (ராணுவ முதுகுப்பை) மூடியிருக்கிறதால அங்க வேர்வையும் காயாது. ஜெயிச்சே ஆகணும்ங்கிற வெறி இருக்கறவன்தான் மயக்கம் வந்தாலும் நிக்க மாட்டான்.

அதனால தனியா போகாதீங்க. கூட வர்றவர்கிட்ட அப்பப்போ "அடுத்த செக்பாயின்ட் எது?"ன்னு கேளுங்க. உளறினா, தள்ளாடினா, காரணமில்லாம எரிஞ்சு விழுந்தா, அங்கேயே நிறுத்துங்க. வேர்வை ஊத்திக்கிட்டு இருக்கும்போதே ஹீட் ஸ்ட்ரோக் வரும், வேர்க்குதேன்னு நம்பி இருக்காதீங்க. பெர்கனைக் கழட்டி, நிழல்ல படுக்க வச்சு, சட்டையை எடுத்துட்டு, உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க. பிரிட்டன் அவசர எண் 999 அடிச்சு முதல்ல போலீஸ், அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூன்னு கேளுங்க. நடத்திக் கீழ கூட்டிட்டு வர்றது பெரிய தப்பு.

வெறும் தண்ணியா லிட்டர் கணக்குல குடிச்சாலும் ரத்தத்துல உப்பு குறைஞ்சு இதே உளறல் வரும். தாகத்துக்குக் குடிங்க, கூடவே உப்பு போட்ட தீனி வச்சுக்கோங்க.

எடையை 10 கிலோல ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 2 கிலோ கூட்டினா போதும். எடை, தூரம், வேகம் மூணையும் ஒரே வாரத்துல ஏத்தாதீங்க. செங்கல், டம்பெல் வேண்டாம், தண்ணி கேன் வைங்க. சிக்கல்னா கொட்டிட்டு இறங்கலாம், ஆளைக் குளிர்விக்கவும் ஆகும். கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்துல இருக்கணும். இறக்கத்துல சுமையோட ஓடினா முட்டி போயிடும்.

முழங்கால் கீழ எலும்பை விரலால அழுத்திப் பாருங்க. காசு அகலத்துக்கு ஒரே இடத்துல சுள்ளுனு வலிச்சா ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரா (எலும்புல மெல்லிய விரிசல்) இருக்கலாம். நடையை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. காலுல எங்கயாவது சூடா உரசுற மாதிரி தெரிஞ்சா, கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே ஜிங்க் ஆக்சைடு டேப் ஒட்டுங்க.

உச்சியில மேகம் மூடிட்டா வடகிழக்குப் பக்கம் செங்குத்துப் பள்ளம்னு கண்ணுக்கே தெரியாது. கல்குவியல் பக்கத்துலயே நின்னு காம்பஸ்ல திசை எடுத்துட்டுத்தான் நகரணும். நின்னதும் முதல் வேலையா ஜாக்கெட்டைப் போடுங்க, நனைஞ்ச உடம்புல காத்து அடிச்சா சீக்கிரமே விறைச்சிடும். சிக்னல் இல்லைன்னா விசில்: ஒரு நிமிஷத்துல ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி ஊதுங்க. மூணு தடவை பதில் விசில் வந்தாலும் ஊதிக்கிட்டே இருங்க, சத்தத்தை வச்சுத்தான் தேடி வருவாங்க.