எதிர்க்கட்சிக்காரரை மந்திரியாக்கினால் ஓட்டு விழுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று ரெண்டு நாளாக மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. பெருந்துறையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, 2024ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு நின்ற கமலா ஹாரிஸ், நான் ஜெயித்தால் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரை அமைச்சரவையில் சேர்ப்பேன் என்றார். இப்படிச் சொன்னால் அந்தக் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போடுவார்களா? போடுவார்கள் என்றால் நம்ம ஊரில் ஏன் யாரும் செய்வதில்லை?"

போட மாட்டார்கள் தம்பி. ஆனால் அதற்காக இது வீண் வேலை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஓட்டு வருவது வேறு பக்கத்தில் இருந்து.

எங்கள் சித்தப்பாவைப் பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே பால் சொசைட்டி சித்தப்பாதான். காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தது, அது முடிந்து மூன்று வாரத்தில் சொசைட்டித் தலைவர் தேர்தல். சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா, நோம்பியின் வரவு செலவு நோட்டைத் தூக்கி எதிரணிக்கு வலது கையாக இருந்த மாமாவிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் சித்தி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தது. மாமாவோ லேசுப்பட்ட ஆள் இல்லை. பந்தல்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ், பொங்கலுக்கு வாங்கின வெல்லம், மைக்செட்காரர் குடித்த டீ என்று எல்லாவற்றையும் எழுதி, கம்பம் எடுத்த மறுநாள் சோற்றுப் பருக்கையைத் தேய்த்துக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டார். தேர்தலில் சித்தப்பா ஜெயித்தார். மாமா அவருக்கு ஓட்டுப் போட்டாரா என்றால் இல்லை. டீக்கடையில் வைத்தே சொன்னார், "நோட்டு வேறப்பா, ஓட்டு வேற" என்று. மாமாவின் பங்காளிகள் ஒருத்தர்கூடப் போடவில்லை.

அப்புறம் ஓட்டு எங்கிருந்து வந்தது? தினமும் ரெண்டு லிட்டர் ஊற்றிவிட்டு எந்த அணியிலும் சேராமல் போகிற ஆட்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்களிடம் இருந்து. எதிரி கையிலேயே கணக்கைக் கொடுக்கிறவன் திருட மாட்டான் என்று அவர்களுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். நோட்டு வாங்கினவர் ஓட்டுக் கொண்டுவர மாட்டார், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்தான் போடுவார். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இப்போது 1940க்கு வாருங்கள். ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூன்றாவது முறை நிற்கப் போகிறார், அதுவரை அமெரிக்காவில் யாரும் மூன்று முறை ஜனாதிபதியாக ஜெயித்ததில்லை. ஜூன் 14ல் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுகிறது. ஜூன் 20ல் ரூஸ்வெல்ட் இரண்டு பெயரை அறிவிக்கிறார். போர்த்துறைக்கு ஹென்றி ஸ்டிம்சன், கடற்படைக்கு ஃபிராங்க் நாக்ஸ். இரண்டு பேரும் குடியரசுக் கட்சி. ஸ்டிம்சன் முந்தைய ஜனாதிபதி ஹூவரிடம் வெளியுறவு மந்திரியாக இருந்தவர், நாக்ஸ் 1936ல் இதே ரூஸ்வெல்ட்டை எதிர்த்துத் துணை ஜனாதிபதிக்கு நின்று தோற்றவர்! குடியரசுக் கட்சி மாநாடு பிலடெல்பியாவில் கூடுவதற்கு இன்னும் நாலே நாள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வந்த கட்சிக்காரர்கள் இந்த இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் பின்னால் கட்சி வந்ததா என்றால் வரவில்லை. ஆனால் இது ஒரு கட்சியின் சண்டை இல்லை, நாட்டின் சண்டை என்று நடுவில் நின்றவர்களுக்குப் பட்டது. நவம்பரில் தேர்வாளர் ஓட்டில் 449க்கு 82 என்று ரூஸ்வெல்ட் ஜெயித்தார். இந்த ரெண்டு பேரால்தான் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன், ஐரோப்பாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனால் இரண்டு பேரும் சும்மா பெயருக்கு வந்தவர்கள் இல்லை, பிரிட்டனுக்கு உதவ வேண்டும் என்பதில் ஏற்கெனவே ரூஸ்வெல்ட் பக்கம் இருந்தவர்கள். அதனால்தான் அது நாடகம் மாதிரித் தெரியவில்லை.

ஹாரிஸ் சொன்னதில் ஆள் பெயரே இல்லை. எந்த மாமாவுக்கு எந்த நோட்டு என்று சொல்லாமல், யாராவது ஒரு மாமாவுக்குக் கொடுப்பேன் என்றால் டீக்கடையில் என்ன பேசுவார்கள்?

இதில் இன்னொரு வகை உண்டு, அது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கிற வகை. 2009ல் ஒபாமா, நியூயார்க் மாநிலத்தின் வடக்கு ஓரத்துக் குடியரசுக் கட்சி எம்.பி. ஜான் மக்ஹியூவை ராணுவச் செயலாளர் ஆக்கினார். அமைச்சரவைப் பதவி இல்லை, அதற்கு ஒரு படி கீழே. தொகுதி காலியானது. பல தலைமுறையாகக் குடியரசுக் கட்சி வைத்திருந்த இடம், அந்தப் பக்கத்து ஆட்களே இரண்டாகப் பிரிந்து முட்டிக்கொள்ள, இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சி தட்டிக்கொண்டு போனது. கண்ணபுரம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகருக்குக்கூட இவ்வளவு கைநேர்த்தி இருக்காது.

நம்ம ஊரில் ஏன் இல்லை என்கிறார் தம்பி. அமெரிக்காவில் மந்திரியாக இருக்கிறவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது, இங்கே மந்திரியானவர் ஆறு மாதத்துக்குள் சபை உறுப்பினர் ஆகியே தீர வேண்டும். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. கட்சியை விட்டு வந்தால் 1985 கட்சித் தாவல் சட்டத்தில் பதவி போகும். 2003க்குப் பிறகு மந்திரிகள் எண்ணிக்கை சட்டசபை இடங்களில் பதினைந்து சதவீதத்தைத் தாண்டவும் கூடாது, தமிழ்நாட்டின் 234க்கு 35 வரும். சொந்தக் கட்சியிலேயே நூறு பேர் அந்த 35க்கு வரிசையில் நிற்கும்போது வெளியாளுக்கு எங்கே இடம்? அதனால் இங்கே ஆளையே வாங்கிவிடுகிறோம். வேட்டிக்கரை மாறி வந்து, தேர்தலில் ஜெயித்து, அப்புறம் மந்திரி. நம்ம ஈரோடு முத்துசாமி எம்ஜிஆர் அமைச்சரவையில் இருந்தவர், 2010ல் திமுகவுக்கு வந்து 2021ல் மந்திரி ஆனார். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரை மாறிவிட்டால் அவர் எதிரணி மாமா இல்லை, நம்ம ஆள். அவர் கையில் நோட்டைக் கொடுப்பதில் ஊருக்கு என்ன ஆச்சரியம் இருக்கிறது?

உண்மையில் தம்பி என்னிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி. ஓட்டே தேவைப்படாதபோது எதிராளியைச் சேர்த்தவர் யாராவது உண்டா? உண்டு. 1947 நேரு மந்திரி சபை. அம்பேத்கர், இந்து மகாசபையில் இருந்து சியாம பிரசாத் முகர்ஜி, அப்புறம் நம்ம கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். செட்டியார் நீதிக்கட்சியில் வளர்ந்தவர், கொச்சியில் திவானாக இருந்தவர், பல காங்கிரஸ்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர்தான் 1947 நவம்பர் 26ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். எங்கள் பக்கத்துப் பையன்களிடம் முதல் நிதி மந்திரி யார் என்று கேளுங்கள், பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள், எனக்கு அதில் நிரந்தரக் கோபம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். செட்டியார் 1948ல் விலகினார், முகர்ஜி 1950ல், அம்பேத்கர் 1951ல். முதல் பொதுத்தேர்தல் வந்தபோது மூன்று பேரில் ஒருவரும் உள்ளே இல்லை. முகர்ஜி தனிக்கட்சியே ஆரம்பித்துவிட்டார். தேர்தல் தந்திரம் என்று பார்த்தால் இதைவிடப் படுதோல்வி கிடையாது, ஆனால் அது தேர்தலுக்காகச் செய்ததே இல்லையே.

தந்திரமாகச் செய்து ஜெயித்த கதை வேண்டும் என்றால் காமராஜர். 1952ல் சென்னை மாநிலச் சட்டசபையில் 375 இடத்தில் காங்கிரசுக்கு 152தான். வட தமிழ்நாட்டில் உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் கட்சி 6. காமன்வீல் மாணிக்கவேலரை ராஜாஜி முன்பே மந்திரியாக்கியிருந்தார். 1954ல் முதல்வராக வந்த காமராஜர் அவரையும் வைத்துக்கொண்டு உழைப்பாளர் கட்சி ராமசாமி படையாட்சியாரையும் சேர்த்தார், மொத்தமே எட்டு மந்திரிகள்தான். கொஞ்ச காலத்தில் இரண்டு கட்சியும் கலைந்து காங்கிரசில் கரைந்தன. இங்கே மாமா தன் பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், என் நோட்டுக் கணக்கு இடிக்கிற ஒரே இடம் இதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

அதே 1954ல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்று தோற்ற பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியத்துக்கும் காமராஜர் மந்திரி பதவி கொடுத்தார். அது ஒரே கட்சிக்குள் நடந்த பங்காளிச் சண்டை, தனி வீடியோவுக்கு வைத்திருக்கிறேன். அடுத்து அன்னூர் அம்மணி ஒருத்தர் மேல்சபை பற்றிக் கேட்டிருக்கிறார், தண்ணி குடித்துவிட்டு வருகிறேன்.